மூச்சு விடுகிற இடம்

ஜூன் 14, வெள்ளி

காலையில் எழுந்து பல் துலக்குவதற்குள் ஏழெட்டுப் பேர் ஒரே லிங்க்கை அனுப்பியிருந்தார்கள். ‘கணவாய்க் காற்று’ வந்துவிட்டதாம். திருமூர்த்தியின் மூன்றாவது ஆல்பம், ஒன்பது பாட்டு. “கேட்டியா? கேட்டியா?” என்று ஆளாளுக்குக் கேள்வி. இவர்களுக்கெல்லாம் விஷயம் தெரியுமா தெரியாதா என்றே எனக்கு விளங்கவில்லை. தெரிந்தே அனுப்புகிறவர்களை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

விஷயம் இதுதான். நான் அவனை விட்டுவிட்டு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மனமொத்துப் பிரிகிறோம் என்று பிப்ரவரியில் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். ஆகஸ்ட் 20 மறுபடி போகவேண்டும். நீதிபதி கேட்பார், இரண்டு பேரும் ‘சம்மதம்’ என்று சொல்லவேண்டும். ஒரே ஒரு வார்த்தை, அதோடு முடிந்தது. அதுவரை மனசு முன்னேபின்னே ஆகாமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்த டைரியையே வாங்கினேன்.

ஆகவே கேட்கப்போவதில்லை. முதல் இரண்டு ஆல்பத்திலும் இரண்டாம் குரல் நான்தான். அவன் வரியை எடுப்பான், நான் பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொள்வேன். கல்லூரி மேடையில் ஆரம்பித்துப் பதினோரு வருடம் அப்படியே போனது. இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்து மியூசிக் மிஸ். சிங்காநல்லூரில் ஒரு மாடிப் போர்ஷன். நிம்மதியாக இருக்கிறேன்.

கத்தரிக்காயில் பாதி சொத்தை. தூக்கிப் போட்டுவிட்டு ரசம் மட்டும் வைத்தேன்.

ஜூன் 15, சனி

கேட்கவில்லை. ஆனால் தங்கமணியக்கா கேட்டுவிட்டார்.

கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் அவர். வாசல் அறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். மருமகள் போனில் போட்டுக் காட்டினாளாம். தண்ணீர் மோட்டார் போடச் சொல்லப் போனவளைப் பிடித்துக்கொண்டார்.

“ஏங் கண்ணு, உன்ற வூட்டுக்காரரு நல்லாத்தான் பாடிருக்கறாரு. அதுல கூடப் பாடறாளே ஒரு புள்ள, ஆரது? நீயில்லியே?”

“புள்ளையா? எந்தப் புள்ள?”

“நாலாவது பாட்டுல வருதே. சின்னக் கொரலு. கேட்டா நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது போ.”

மோட்டார் போடச் சொல்ல மறந்துவிட்டேன். பக்கெட்டில் இருந்த தண்ணீரில் குளித்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

கேட்டேன். சும்மா உட்கார்ந்து கேட்கக்கூடாது என்று சமையலறை அலமாரியைக் கழுவிக்கொண்டே கேட்டேன். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நல்லா இருக்கிறது, சனியன். ரொம்பவே நல்லா இருக்கிறது. எனக்கு வயிற்றெரிச்சல்.

முன்னெல்லாம் ஒவ்வொரு பாட்டிலும் கைதட்டலுக்காக மேலே போய் ஒரு கத்துக் கத்துவான். “அந்த எடத்துல கத்தாத மூர்த்தி” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இதில் ஒரு இடத்தில்கூடக் கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிப் பாடுகிறான். ‘தறிச்சத்தம்’ என்று ஒரு பாட்டு. அவன் சோமனூரில் விசைத்தறிக்கு நடுவில் வளர்ந்தவன். அந்த டக்கடக் டக்கடக்கை டிரம்ஸில் போட்டு, அதன்மேல் எலெக்ட்ரிக் கிட்டாரை விட்டு, அடியில் உறுமியை முனக வைத்திருக்கிறான். முதல் ஆல்பத்தில் கிட்டாரும் உறுமியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். இதில் இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை போல இருக்கின்றன. ‘அஞ்சு மணி பஸ்’ கேட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கண்டக்டர் சில்லறை தராமல் இழுத்தடிப்பதை ஒரு முழுச் சரணத்துக்குப் பாடுகிறான்.

அப்புறம் அந்த நாலாவது, ‘மேக்கால வாசல்’. வெறும் கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், அவன் குரல்.

மேக்கால வாசலத் தொறந்து வையி
காத்து வரட்டும், கதவு அடிக்கட்டும்
போனவ செருப்புச் சத்தம்
மண்ணுல இன்னும் கேக்குது

கடைசி இரண்டு வரியில் அவள் சேர்ந்துகொள்கிறாள். மெல்லிய குரல். இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும்.

போனவளாம், செருப்புச் சத்தமாம். நான் போனபோது போட்டிருந்தது கேன்வாஸ் ஷூ. அதுவும் வீட்டு வாசல் சிமென்ட். மண் எங்கிருந்து வந்ததாம்?

அலமாரிச் சாமானெல்லாம் இன்னும் தரையில்தான் கிடக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

அந்தப் பெண்ணைப் பற்றி நிதானமாக, விருப்பு வெறுப்பு இல்லாமல் எழுதிவைக்கிறேன். சுருதி சுத்தம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வல்லின எழுத்தையெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கப் போகிற மாதிரி அவசரமாகக் கடிக்கிறாள். நீட்டுகிற இடத்தில் குரல் நடுங்குகிறது, குளிரில் நிற்கிற ஆட்டுக்குட்டி மாதிரி. யாரிடம் கற்றுக்கொண்டாளோ!

இதெல்லாம்கூடப் போகட்டும். “மண்ணுல இன்னும்” என்று பாடிவிட்டு நிறுத்தி, ஒரு மூச்சு இழுத்துவிட்டு, அப்புறம்தான் “கேக்குது” என்கிறாள். எந்தப் பாட்டு வாத்தியாரும் அந்த இடத்தில் மூச்சு விடச் சொல்லமாட்டார். கடைசி வார்த்தைக்கு முன்னால் மூச்சு விடுகிறவள் ஒருத்திதான் உண்டு. அது நான். எனக்குச் சின்ன வயசிலிருந்தே இளைப்பு. ஒரு முழு வரிக்கு என் நெஞ்சில் காற்று போதாது. கடைசி வார்த்தை வரும்போது தீர்ந்துவிடும், நின்று நிரப்பிக்கொண்டுதான் போவேன்.

என் வியாதியை அவள் ஸ்டைலாகப் பாடுகிறாள். நன்றாக மூச்சு விடத் தெரிந்த நெஞ்சை வைத்துக்கொண்டு, கடங்காரி!

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஸ்டுடியோக்களில் ஒரு வழக்கம் உண்டு. பாடி முடித்ததும் பாடினவர்களின் மூச்சுச் சத்தத்தையெல்லாம் தேடித் தேடி வெட்டுவார்கள். அப்போதுதான் பாட்டு சுத்தமாக இருக்குமாம். எங்கள் இரண்டாவது ஆல்பத்தில் மூர்த்தி என்னுடைய எல்லா மூச்சையும் வெட்டியிருந்தான். ஒன்றுகூட மிச்சமில்லை. வெளிவந்த அன்றைக்குக் கேட்டேன். செத்துப்போனவள் பாடுகிற மாதிரி இருந்தது. இரண்டு மாசம் கழித்துக் கிளம்பி வந்துவிட்டேன்.

அதற்காகத்தான் வந்தேன் என்று இல்லை. அதுவும் ஒன்று.

ஜூன் 19, புதன்

இன்றைக்குக் கேட்கவில்லை. மூன்று தடவைதான்.

ஜூன் 25, செவ்வாய்

சுதந்திர தினத்துக்குக் குழுப்பாட்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர், நாற்பது சுருதி. கீபோர்டில் வாசித்துக் காட்டிக் காட்டி விரல் வலிக்கிறது. “மிஸ், நீங்க பாடிக் காட்டுங்க மிஸ்” என்கிறார்கள். மிஸ்ஸுக்குத் தொண்டை சரியில்லை என்றேன். சேர்ந்த நாளிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இத்தனை நாள் எந்தத் தொண்டை சரியில்லாமல் இருக்கும்? நல்லவேளை, பிள்ளைகள் கேட்பதில்லை.

வரும்போது பஸ்ஸில் ‘தறிச்சத்தம்’ கேட்டேன். உக்கடத்தில் இறங்கிப் பஸ் மாறவேண்டியவள் டவுன்ஹால் போய்த் திரும்பி வந்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

காற்று ஆரம்பித்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து வீட்டிலிருக்கும் அத்தனை கதவையும் அடிக்கிறது. காயப்போட்ட புடவை பக்கத்து மாடியில் கிடந்தது. மத்தியானம் லேசாக இளைப்பு. தங்கமணியக்கா வெந்நீரில் ஆவி பிடிக்க வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“ஏம் புள்ள, அவரு பாட்டையே பொழுதன்னிக்கும் மேல ஓட்டிட்டு இருக்கற. எனக்குக் கீழ தெரியாதா? அப்பறம் என்னத்துக்குக் கோர்ட்டுக்குப் போற?”

“பாட்டு வேற, ஆளு வேறங்க்கா.”

“குடிக்கறாரா?”

“இல்லீங்க்கா.”

“கை நீட்டுவாரா?”

“ஐயோ, இல்லீங்க்கா.”

“அப்பறம் என்னதான் பண்ணுனாரு?”

போர்வைக்குள் ஆவி பிடித்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன். என்ன சொல்வது? ஹெட்போன் போட்டிருந்தாருங்க்கா என்றா?

ஜூலை 9, செவ்வாய்

அவளைத் தேடினேன். ஆல்பத்தில் கிட்டார் யார், பேஸ் யார், உறுமி யார், டீ வாங்கிக் கொடுத்தவர் யார் என்றுகூடப் பெயர் போட்டிருக்கிறது. அவள் பெயர் மட்டும் இல்லை. மூர்த்தியை இன்ஸ்டாகிராமில் தொடர்கிற பெண்களில் பாடுகிற மாதிரித் தெரிந்தவர்களின் பக்கமெல்லாம் போய்ப் பார்த்தேன். ஒருத்தி வீணை, ஒருத்தி கேக் செய்கிறாள், ஒருத்தி எந்நேரமும் நாய்க்குட்டியோடு நிற்கிறாள்.

சுருட்டை முடி, மூக்கில் சின்ன வளையம், ஊட்டிக்குப் பைக்கில் போகிறவள் என்று நானாகவே ஒருத்தியை மனசில் உருவாக்கி வைத்திருக்கிறேன். பெயர் ஆட்டுக்குட்டி. அவள் மேல் எனக்கு என்ன கோபம்? ஒரு கோபமும் இல்லை. ஆகஸ்ட் 20க்கு அப்புறம் அவன் யாரோடு வேண்டுமானாலும் பாடலாம், யாரோடு வேண்டுமானாலும் இருக்கலாம்.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 14, ஞாயிறு

யூடியூபில் அவன் பேட்டி. தாடியில் நரை தெரிகிறது, இளைத்திருக்கிறான். பேட்டி எடுத்த பெண் கேட்டாள், “மேக்கால வாசல்ல அந்த ஃபீமேல் வாய்ஸ் யாரு? எல்லாரும் கேக்கறாங்க.” அவன் தலையைக் குனிந்து, சிரித்து, “அது அப்படியே இருக்கட்டுங்க” என்றான்.

அப்படியே இருக்கட்டுமாம்! கையிலிருந்த சீப்பை விட்டெறிந்தேன். இரண்டு பல் போச்சு.

ஜூலை 21, ஞாயிறு

போத்தனூர் போனேன், ஜெரால்டுடைய ஸ்டுடியோவுக்கு. மூன்று ஆல்பத்துக்கும் அவர்தான் சவுண்ட் இன்ஜினியர். எங்கள் இரண்டு பேருக்கும் கல்லூரிக் காலத்து நண்பர். அவருடைய மைக் ஒயர் ஒன்று என்னிடமே தங்கியிருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். ஒயரை மேசைமேல் வைத்தேன். அவர் ஒயரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“இதக் குடுக்கவா கோகி, ரெண்டு பஸ் மாறி வந்த?”

“சும்மா வந்தேன் ஜெரால்டு. ஆல்பம் நல்லா வந்திருக்கு. உங்க வேலை பிரமாதம்.”

“தேங்க்ஸ். சரி, இப்ப வந்த விஷயத்தச் சொல்லு.”

இனி எதற்கு மறைக்க வேண்டும் என்று கொட்டிவிட்டேன். “அந்தப் பொண்ண எங்க புடிச்சீங்க? மெய்யெழுத்தெல்லாம் அவதி அவதின்னு கடிக்கறா. நீட்டுனா ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்குது. மூச்ச வேற எம்மாதிரியே விடறா. யாரு சொல்லிக்குடுத்தது? அவனா? ஒருத்தியோட நோவ இன்னொருத்திக்குச் சொல்லிக்குடுத்துப் பாட வெக்கறதுக்கு வெக்கமா இல்ல?”

ஜெரால்டு முதலில் என்னைப் பார்த்து முழித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் ஒயரைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றிருந்தது.

“நீ எவ்வளவு பெரிய காதுக்காரி, உனக்கே தெரியலையா? பொண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல. அது அவனேதான்.”

“எவன்?”

“மூர்த்திதான். பாட்ட மெதுவாக்கி, சுருதிய எறக்கி ஓட விட்டோம். அதுமேல அவன் பாடுனான். அப்பறம் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தா கொரலு சிறுசாயிரும். டேப் காலத்து வித்தை. அதனாலதான் எழுத்தெல்லாம் அவசரமாத் தெரியுது, நடுக்கமும் வேகமாத் தெரியுது. நடுக்கம் என்னவோ அவனோடதுதான், அத நான் பண்ணல.”

அவர் பாட்டை அவன் பாடின அந்த மெதுவான வேகத்துக்கே இறக்கிப் போட்டுக் காட்டினார். ஆட்டுக்குட்டி கரைந்து போய் அவன் வந்தான். தடித்த, கரகரத்த, எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். “மண்ணுல இன்னும்” என்றான். நின்றான். என் நெஞ்சு எப்படி இழுக்குமோ அப்படியே, அடியில் கேட்கும் அதே விசில் சத்தத்தோடு, மெதுவாக ஒரு மூச்சு இழுத்தான்.

நிறுத்தச் சொன்னேன். டீ வேண்டாம் என்றேன். பஸ் ஸ்டாப்புக்கு வந்தபிறகுதான் செருப்பை ஸ்டுடியோ வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஜூலை 22, திங்கள்

ஒரு மாசமாக நான் திட்டித் தீர்த்தது அவனைத்தான் என்று நினைத்தால் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 24, புதன்

திருப்தியெல்லாம் போய்விட்டது. கோபம் மட்டும் இருக்கிறது. எழுதிவிட்டால் இறங்கும் என்று எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே ஆடி மாசக் காற்று. பட்டப்பகல். உள்ளறையில் அவன் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டாவது ஆல்பத்துக்கு மிக்ஸிங் செய்துகொண்டிருந்தான். எனக்கு இளைப்பு வந்தது. வழக்கமாக வருகிற மாதிரி இல்லை. இன்ஹேலரில் மருந்து தீர்ந்திருந்தது. கதவைத் தட்டினேன். தட்டினேன் என்றால் சும்மா இல்லை, உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். கூப்பிடக் குரல் வரவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது வாசலில் சிலிண்டர் போட வந்தார் ஒருவர். தவழ்ந்துபோய்த்தான் தாழ்ப்பாளைத் திறந்தேன். என்னைப் பார்த்ததும் சிலிண்டரை அங்கேயே உருட்டிவிட்டு, என்னைத் தன் லோடு ஆட்டோவில் முன்சீட்டில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. வழியெல்லாம் “தூங்காதீங்க தங்கச்சி, தூங்காதீங்க” என்று கத்திக்கொண்டே வந்தார்.

மூர்த்தி ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, நான் கடைக்குப் போயிருப்பேன் என்று நினைத்து, டீ போட்டுக் குடித்திருக்கிறான்.

அவன் கெட்டவன் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான், காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஆனால் பக்கத்து அறையில் பெண்டாட்டி மூச்சுக்குத் திணறினது கேட்கவில்லை. இப்போது ஊரே கேட்கிற மாதிரி என் மூச்சைப் பாட்டில் போட்டிருக்கிறான். ஊர் கேட்டு என்ன, எனக்கு ஒரு வார்த்தை சொன்னானா?

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. தங்கமணியக்கா தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் கொடுத்தனுப்பினார். சாப்பிட்டுவிட்டு, யோசிக்க இடம் கொடுக்காமல் அவனுக்குப் போன் போட்டேன். மனுப் போட்ட பிறகு முதல் தடவை.

“கோகி?” என்றான்.

“நாந்தான். ஆட்டுக்குட்டி யாருன்னு ஜெரால்டு சொல்லிட்டாரு.”

“ஆட்டுக்குட்டியா?”

“அத விடு. ஏன் அப்படிப் பண்ணுன? பாடறதுக்குப் பொண்ணுகளா இல்ல?”

அவன் இருக்கும் இடத்திலும் காற்றுதான் போலிருக்கிறது, போனில் இரைந்தது. “நாலு பேரு வந்து பாடுனாங்க கோகி. என்னைய விட நல்லாப் பாடுனாங்க. ஆனா எல்லாரும் அந்த வரிய ஒரே மூச்சுல முடிச்சுட்டாங்க. எனக்கு அங்க நிக்கோணும். சொல்லிக்குடுத்தா நின்னாங்க, ஆனா அது நடிக்கறாப்பல இருந்துது. அப்பறம் நானே பாடிட்டேன்.”

“அப்ப என்ற மூச்சு உனக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.”

“தெரியும்.”

“அன்னிக்கு மட்டும் ஏன் தெரியல?” கேட்டேவிட்டேன். இரண்டு வருடமாக ஒரு தடவைகூட இதை அவனிடம் கேட்டதில்லை. “கதவ அத்தன தட்டுத் தட்டுனனே மூர்த்தி, அப்படி என்னத்தக் கேட்டுட்டு இருந்த உள்ள?”



“உன்ற மூச்சத்தான்” என்றான்.

“என்ன?”

“அன்னிக்கு உன்ற கொரல் டிராக்கத்தான் வெச்சிருந்தேன். ஒவ்வொரு மூச்சாப் பெருசாக்கிக் கேட்டுக் கேட்டு வெட்டிட்டு இருந்தேன். நீ வெளிய இழுத்தது லேசாக் கேட்டுது கோகி. நெசமாலுமே கேட்டுது. டிராக்ல இன்னொண்ணு மிச்சமிருக்குதுன்னு நெனச்சுத் தேடிட்டு இருந்தேன்.”

அவன் அழுதான். “மன்னிச்சிரு” என்று சொன்னான். எத்தனை தடவை சொன்னான் என்று தெரியாது. நான் போனைக் கட்டிலில் வைத்துவிட்டுப் படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் உருவி ஊற வைத்தேன். துவைக்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவன்மேல் கோபமா, அவன் பாவம் என்றா, எனக்கே தெரியவில்லை. ரொம்ப நேரம் அழுதேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஒத்திகை நடுவில் கரண்ட் போய்விட்டது. கீபோர்டு செத்தது. ஜெனரேட்டர் ரிப்பேர். நாற்பது பிள்ளைகள் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன, ஆறு நாளில் நிகழ்ச்சி. வேறு வழியில்லாமல் பாடிக் காட்டினேன்.

குரல் துருப்பிடித்த கேட் மாதிரித்தான் திறந்தது. இரண்டாம் வரியில் சரியாகிவிட்டது. “மிஸ், உங்க தொண்டை நல்லாத்தான் இருக்கு மிஸ்” என்றது ஒரு வாண்டு. முதுகில் ஒன்று வைத்தேன், செல்லமாகத்தான்.

ஆகஸ்ட் 15, வியாழன்

பிள்ளைகள் பாடிவிட்டார்கள். சுருதி எங்கும் ஓடவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் கடைசி வார்த்தைக்கு முன்னால் நாற்பது பேரும் ஒன்றாக நின்று, ஒன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, அப்புறம் முடித்தார்கள். நான் எப்படிப் பாடினேனோ அப்படியே பிடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு அதுவும் பாட்டில் சேர்ந்தது போல.

தலைமை விருந்தினர் கவனிக்கவில்லை. பிரின்சிபால் “நல்ல டிசிப்ளின்” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் மேடைக்குப் பின்னால் ஓடிப்போய் நின்றுகொண்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தங்கமணியக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியில் நூலைக் கோர்க்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அடக் கெரகமே” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அதுதான் அவரு உருகி உருகி மன்னிப்புக் கேட்டுட்டாருல்ல கண்ணு. அப்பறமென்ன, கோர்ட்டாவது ஒண்ணாவது.”

“மன்னிச்சுட்டேனுங்க்கா. நெசமாலுமே மன்னிச்சுட்டேன். மன்னிச்சுட்டா போய்க் கூடவே இருக்கோணுமா?”

“அப்படியில்ல புள்ள...”

“அந்த வூட்ல ஒவ்வொரு தடவ எனக்கு இளைக்கும்போதும் நான் அந்தக் கதவத்தாங்க்கா பாப்பேன். அவரு தொறந்தே வெச்சிருந்தாலும் பாப்பேன். அப்படி எத்தன நாளைக்கு இருக்கறது?”

அக்கா ஊசியில் நூலைக் கோர்த்தார். நாளை மறுநாள் கோர்ட்டுக்கு என்று சொல்லாமலேயே என் நீல ஜாக்கெட்டின் அக்குளைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பத்தரைக்கு வரச் சொன்னார்கள், ஒன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை ஒரே பெஞ்சில் நடுவில் ஒருத்தர் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். “சாப்ட்டியா?” என்றான். “இல்ல” என்றேன். எழுந்துபோய் இரண்டு பன் வாங்கி வந்தான். தின்றோம்.

நீதிபதி அம்மா முதலில் அவனைக் கேட்டார். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். “சம்மதங்க” என்றான். குரலே வரவில்லை. “சத்தமாச் சொல்லுங்க” என்றார்கள். மறுபடி சொன்னான். அப்புறம் என்னைக் கேட்டார். ஜூன் மாசத்திலிருந்து கோபத்தோடு சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வார்த்தை. சொல்லும்போது கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். தெளிவாகத்தான் சொன்னேன்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று இரண்டு பேரும் அழுதோம். பார்க்கிறவர்கள் பார்த்தார்கள். அங்கே இது புதுசா என்ன?

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னேன், “மேக்கால வாசல்ல ரெண்டாங் குரலுக்கு நீ பாடுனது சரியில்ல. நடுங்குது.”

“தெரியும்.”

“அடுத்த மாசம் கச்சேரி வெச்சிருக்கறயாமே, அதுல அத யாரு பாடறது?”

“யாருமில்ல. அந்தப் பாட்டே வேண்டாம்னு இருக்கறேன்.”

“நான் பாடறேன். ஆனா ரெண்டாங் குரல் இல்ல. முதல் குரல் எனக்கு. நீ பின்னால வா.”

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பதினோரு வருடத்தில் இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றினதுமில்லை. “சரி” என்றான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

போத்தனூர். ஒத்திகையை அப்படியே பதிவும் செய்துவிடலாம் என்றார் ஜெரால்டு. “போனவ சத்தம் கேக்குதுன்னு போனவளே வந்து பாடறா, நல்ல கூத்துடா” என்று அவர் சொல்ல, நான் முறைத்தேன், மூர்த்தி சிரித்தான். கிட்டாரை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

முதல் இரண்டு வரி நன்றாகப் போனது. “மண்ணுல இன்னும்” என்று பாடிவிட்டு நான் நின்றபோது அவன் “கேக்குது” என்று பாய்ந்துவிட்டான். எப்போதும் முன்னால் போய்ப் பழகினவன். நிறுத்தினோம். மறுபடி எடுத்தோம். மறுபடியும் பாய்ந்தான்.

“மூர்த்தி” என்றேன். “நான் சொல்லி முடிச்சதுக்கு அப்பறம்.”

“சரி. சாரி.”

மூன்றாவது தடவை. வெளியே காற்று குறைந்திருந்தது. எனக்கு நெஞ்சில் அடைப்பு ஒன்றும் இல்லை, இன்றைக்கு அந்த வரியை ஒரே மூச்சில்கூட முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. “மண்ணுல இன்னும்” என்று பாடிவிட்டு நின்றேன். தாளம் கடந்து போனது. ஜெரால்டு கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து என்ன என்று பார்த்தார். எனக்கு அவசரமில்லை. மூர்த்தி கிட்டார் கம்பியில் கையை வைத்துச் சத்தத்தை அடக்கிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் காத்திருந்தான்.